ஹியாக்குரியில் ஒரு வளைவு

யப்பானியத் தலைநகராகிய டோக்கியோவுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தூரத்தில், இபாரக்கி மாகாணத்தில், ஹியாக்குரி என்னும் இடம் இருக்கின்றது. வற்றாளங்கிழங்குக்கும் தாமரைக்கிழங்குக்கும் பெயர்போன வட்டாரம் அது. தலைநகர்ப் பிரதேசத்தின் வானத்தைக் காக்கும் போர்விமானத் தளமும் அங்கேதான் உள்ளது. 2019 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கமராவைத் தோளிலே தொங்கவிட்டுக்கொண்டு நான் அங்கே சென்றமைக்குக் காரணம் ஒரு கிழட்டு விமானம். பான்டம் எனப்படும் அமெரிக்க ஜெற் விமானம் இன்னும் சிறிது காலத்தில் அத்தளத்தை விட்டு நீங்கிவிடும் என்பதை அறிந்து, உலகின் பல பாகங்களிலிருந்தும் படப்பிடிப்பாளர் அங்கே கூடிக்கொண்டிருந்தனர்.

இஷியோக்கா புகையிரத நிலையத்தில் இறங்கி பஸ் வண்டியில் ஏறினேன். வழியிலே ஒரு பகுதியில் வேறெந்த வாகனமும் வருவதில்லை. முன்னொரு காலத்தில் அது புகையிரதப் பாதை. தளத்துக்கு வேண்டிய எரிபொருளைச் சுமந்தே அச்சிறு புகையிரதம் காலங் கழித்தது. அவ்வேலை நின்றதும் வருமானம் குன்றி, 2007 இல் மூடப்பட்டது. தண்டவாளம் கிடந்த இடத்தில் இன்று பஸ் ஓடுகின்றது.

2010 மார்ச் மாதம் முதல் அத்தளத்தைப் பயணிகள் விமானங்களும் பயன்படுத்துகின்றன. நிலையக் கட்டடத்தின் மாடியிலிருந்து பார்ப்போருக்குப் படைத்தரப்பு தெளிவாகத் தெரியாதவண்ணம் ஒருவகைக் கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவெனில், வெளியே வந்து வேலியோரமாக நடந்தால் எல்லாம் கண்முன்னே தெரிகின்றன. நின்று படம் பிடிப்பவரை ஒருவரும் தடுக்கவில்லை.

வாசகர்கள் அறியவேண்டிய விசித்திரம் இனித்தான் வருகின்றது. ஓடுபாதைக்குச் சமாந்தரமாக, விமானங்கள் ஊர்ந்து செல்லும் பாதையொன்று எந்தத் தளத்திலும் நேராகவே இருக்கும். ஹியாக்குரியிலோ அது நடுவிலே மடங்கி வளைந்து செல்கின்றது. போருக்கு முன் அந்நிலம் கடற்படையின் விமானத்தளம். போர் முடிந்தபின் குடியானவர்கள் குடியேறி, காட்டு மண்ணைக் கொத்திப் பயிரிட்டனர். 1956 இல் மீண்டும் தளம் அமைக்க அரசாங்கம் காணி கேட்டது. பலர் விற்றனர், சிலர் மறுத்தனர். மறுத்தவர்களின் காணி நடுவே கிடந்தமையால், 1966 இல் நிறைவெய்திய தளம் அதனைச் சுற்றி வளைந்தது. அந்நிலத்தில் இன்று ஒரு சமாதானப் பூங்காவும் சிறு கோவிலும் உள்ளன. காணியொன்றின் விற்பனை பற்றி 1958 இல் தொடங்கிய வழக்கு, உயர் நீதிமன்றத்தில் 1989 ஜூன் மாதத்திலேதான் முடிவுற்றது. காணி வாங்குவது அரசாங்கத்தின் தனியார் முறையான கொடுக்கல்வாங்கலே. போரைத் துறக்கும் அரசியலமைப்பின் 9 ஆம் பிரிவு அதனை நேரே கட்டுப்படுத்தாது என்பது தீர்ப்பு. முப்பத்தொரு வருடம்! ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, தானும் பிள்ளை பெறும் காலம்.

பான்டம் முதன்முதலாகப் பறந்ததும் அதே 1958 இல்தான். உலகெங்கும் 5,195 விமானங்கள் கட்டப்பட்டன; அவற்றுள் கடைசியானதை 1981 இல் மிட்சுபிஷி நிறுவனத்தார் யப்பானிலே கட்டி முடித்தனர். அழகிய விமானமென்று அதனைச் சொல்ல என் மனம் இடங்கொடாது. சிறகின் நுனிகள் மேல்நோக்கி மடிந்திருக்கும். வாற்சிறகுகள் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். இரு இயந்திரங்களும் கரும்புகை கக்கும். எனினும் அதனருகே நின்றவர் வேறொன்றை விரும்பார்.

எனக்கருகில் சிறு ஏணியொன்றின்மேல் நின்ற முதியவர், வானொலிக் கருவியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென ஒரு விரலை உயர்த்தினார். இரண்டு பான்டங்கள் ஊர்ந்து வந்தன. வளைவை அடைந்ததும் வேகந் தணிந்து திரும்பின. நேரான பாதையில் பக்கவாட்டில் மட்டுமே தோன்றியிருக்கும் விமானம், அவ்விடத்தில் தன் முகத்தையும் முதுகையும் முறையே காட்டிற்று. முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாக அமர்ந்திருந்த விமானிகளின் தலைக்கவசங்கள் வெயிலில் மின்னின. பின்னிருந்தவர் கையசைத்தார். ஏணியிலிருந்த பெரியவர் படம் பிடிப்பதை விட்டுத் தாமும் கையசைத்தார். அன்று எனக்குக் கிடைத்த நல்ல படங்கள் எல்லாம் அந்த வளைவிலே எடுத்தவை. விற்க மறுத்த குடியானவர்களுக்கே அவற்றுக்காக நான் கடமைப்பட்டவன்.

சற்று நேரத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக மேலெழுந்தன. ஓசை காதில் விழுமுன் நெஞ்சிலே விழுந்தது. புகைக்கோடு கலைய வெகுநேரம் சென்றது.

2020 இறுதியில் பான்டம் அணி ஹியாக்குரியை விட்டு நீங்கியது. 2021 மார்ச்சில் யப்பானிய வான்படை அவ்விமானத்துக்கு முற்றாக விடைகொடுத்தது. இரண்டு பான்டங்கள் மட்டும் பயணிகள் நிலையத்துக்கு முன்னுள்ள பூங்காவில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. அங்கே கண்ணாடித் தடை ஏதுமில்லை; எவரும் கிட்ட நின்று படம் எடுக்கலாம்.