அனைவருக்காகவும்

கிறிஸ்து அனைவருக்காகவும் மரித்தார் என்று ஞானோபதேச வகுப்பிலேயே நாம் படித்துவிடுகிறோம். எளிதில் கிடைத்ததால் அச்சொல்லின் விலை நமக்குத் தெரிவதில்லை. ‘அனைவருக்காகவும்’ என்னும் அந்த ஒரு சொல்லுக்காகத் திருச்சபை நெடுங்காலம் வழக்காட வேண்டியிருந்தது.

1618-19இல் ஹாலந்து நாட்டுத் தோர்த் நகரில் கூடிய கால்வினியச் சங்கம், கிறிஸ்துவின் மரணம் உலகனைத்தின் பாவங்களுக்கும் போதுமானது, ஆனால் அதன் மீட்புப் பயன் தெரிந்துகொள்ளப்பட்டோரைச் சேர்வதே இறைத்திட்டம் என்று முடிவு செய்தது. நற்செய்தியின் அழைப்பை யாவருக்கும் அறிவிக்க வேண்டும் என்றும் அவர்கள் வலியுறுத்தினார்கள். அதை மறைத்தல் நீதியன்று.

நம் இல்லத்திற்குள்ளும் இக்காற்று வீசிற்று. ஆயர் யான்சேனியுஸ் இறந்தபின் 1640இல் வெளிவந்த ‘அகுஸ்தீனுஸ்’ நூலையொட்டி எழுந்த ஐந்து கூற்றுகளை, 1653இல் திருத்தந்தை பத்தாம் இன்னொசென்ட் கண்டித்தார். எல்லா மனிதருக்காகவும் கிறிஸ்து இரத்தம் சிந்தினார் எனல் தப்பறை என்பதே அவற்றுள் ஐந்தாவது. தெரிந்துகொள்ளப்பட்டோருக்காக மட்டுமே அவர் மரித்தார் என்று அதற்குப் பொருள் கொள்வது பேதகம் என்று திருத்தந்தை தீர்ப்பளித்தார்.

இவையெல்லாம் குருமடத்தில் தேர்வுக்காக நாம் படித்தவை. அவற்றின் பொருளைக் கற்பித்தவர் எம் பங்கிலிருந்த ஒரு தாய். கோவிலை விட்டு விலகியிருந்த அவருடைய மகன், அவஸ்தைப்பூசுதலும் பெறாமல் சாலை விபத்தில் மாண்டான். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து வந்து கேட்டார்: “சாமி, எம் மகனுக்காகவுமா சேசு செத்தாரு?”

“ஆம், அம்மா” என்றோம். சற்றும் தயங்கவில்லை. தெரிந்துகொள்ளப்பட்டோர் பட்டியலைப் பார்த்த பின்தான் விடை சொல்லலாம் என்றிருந்தால், அப்பட்டியலைக் காணாத நாம் அத்தாய்க்கு என்ன சொல்லியிருக்க முடியும்?

அவன் அம்மீட்பை ஏற்றானா என்பது வேறு கேள்வி. அனைவருக்காகவும் கிறிஸ்து மரித்தும், அனைவரும் அதன் பயனைப் பெறுவதில்லை என்று 1547இலேயே திரிதெந்து பொதுச்சங்கம் கற்பித்தது. ஊர் முழுவதற்கும் இலை போட்டாயிற்று. பந்தியில் வந்து அமர்வது அவரவர் உரிமை. எழுந்து வருவதற்கான வலிமையையும் விருந்தளிப்பவரே தருகிறார். அம்மகன் தன் கடைசி நொடியில் எவ்வாறு விடையளித்தான் என்பதை அவனும் ஆண்டவருமே அறிவர்.

ஆகவே, அன்பார்ந்த வாசகரே, நம் தெருவில் எவரைக் கண்டு “இவனெல்லாம் எங்கே திருந்தப் போகிறான்” என்கிறோமோ, அவருக்கும் ஓர் இலை போட்டிருக்கிறது. அதை மடித்துவைக்கும் அதிகாரம் நமக்குத் தரப்படவில்லை.