பருவதமலையும் எங்கள் வீட்டு மாடிப்படியும்

எங்கள் வீட்டு மாடிப்படி மொத்தம் 17. ஒரு படி 7 அங்குலம் என்று வைத்தால், ஒரு தரம் மொட்டை மாடிக்கு ஏறினால் கிட்டத்தட்ட 10 அடி. பருவதமலை 4,560 அடி என்கிறார்கள். அப்படியானால் 456 தரம் ஏற வேண்டும். சார் கருவூலத்தில் 34 வருஷம் கணக்கு எழுதியவன் அல்லவா, முதலில் கணக்கைத்தான் போட்டேன். அந்த 4,560 அடி கடல் மட்டத்திலிருந்து அளந்தது, அடிவாரமே கடல் மட்டத்தில் இல்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. மனைவியிடம் சொன்னேன். "கணக்கு போட்டது போதும், ஏறுங்க" என்றாள்.

அறுபத்தாறு வயதில் இந்த ஆசை ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். என் அண்ணன் வருஷம் தவறாமல் பருவதமலைக்குப் போய்வருவார். ஒவ்வொரு வருஷமும் என்னைக் கூப்பிடுவார். மாசி, பங்குனியில் கூப்பிட்டால் "மார்ச் மாசம் அண்ணே, பில் எல்லாம் குவிஞ்சு கெடக்கு" என்பேன். கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மார்ச் 31 என்றால் என்னவென்று தெரியும். ஆனால் தையில் கூப்பிட்டபோதும் நான் ஒரு காரணம் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு முழங்காலைக் காரணம் சொன்னேன். அண்ணன் 2022 மார்கழியில் போய்விட்டார். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷம் மலைக்கோயில் ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "வருஷ திதி முடிஞ்சதும் எல்லாரும் போவோம் சித்தப்பா. அப்பா போன பாதையிலயே போவோம்" என்றான் அண்ணன் மகன். இந்தத் தடவை சொல்ல என்னிடம் காரணம் இல்லை. கையில் ஒரு வருஷம் இருந்தது.

உளுந்தூர்பேட்டையில் இருந்துகொண்டு மலையேறப் பழகுவது எவ்வளவு கஷ்டம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டையான பூமி. மேடு என்று பார்த்தால் நெடுஞ்சாலை மேம்பாலமும் ஏரிக்கரையும்தான். கல்வராயன் மலைக்குப் போக வேண்டுமானால் கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் தாண்டிப் போக வேண்டும். தினமும் நடக்கிற காரியமா? அதனால்தான் மாடிப்படி.

முதலில் டாக்டரைப் பார்த்தேன். எனக்குப் பத்து வருஷமாக சர்க்கரை உண்டு. ஈசிஜி எடுத்து, ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, "இதயம் பரவாயில்லை, மெதுவா ஆரம்பிங்க" என்றார். அவர் சொன்னதில் இரண்டு விஷயம் மனதில் நின்றது. ஏறும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். இரண்டாவது, முழங்காலுக்கு வேதனை ஏறும்போதை விட இறங்கும்போதுதான். இறங்குகிற உடம்பைத் தாங்குவது தொடைச் சதை. அதற்கு பலம் இல்லையென்றால் பாரமெல்லாம் மூட்டில் இறங்கும். அதனால் நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழச் சொன்னார். முதல் நாள் ஆறு தரம்தான் எழ முடிந்தது. 34 வருஷம் உட்கார்ந்த நாற்காலி, எழுந்திருக்க மட்டும் சொல்லித் தரவில்லை.

மாடிப்படியில் முதல் வாரம் ஒரு நாளைக்கு 5 தரம். ஆடிப்பெருக்கு வருவதற்குள் 20 தரம். பிறகு பேரனின் பழைய பள்ளிப் பையில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு 25. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி. ஊர்ப் பெயரிலேயே உளுந்து இருக்கும்போது இடுப்புக்கு வேறு மருந்து தேடுவானேன்! என் மனைவி நோட்டும் எழுதவில்லை, பையும் மாட்டவில்லை. துணி காயப் போட, வடகம் எடுக்க, மழை வந்தால் மிளகாயை அள்ள என்று அந்த 17 படியை முப்பது வருஷமாக ஏறிக்கொண்டிருப்பவள். நான் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கையில் வாளியோடு என்னைத் தாண்டிப் போவாள்.

ஐப்பசியில் நிஜமான பாறையில் ஏறிப் பார்க்க ஆசை வந்தது. சேலம் சாலையில் எலவனாசூர்கோட்டை தாண்டினால் தியாகதுருகம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகப் போர்களில் அடித்துக்கொண்ட கோட்டை மலை. சின்ன மலைதான். விடியலில் காபி குடித்து, வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் தனியாகப் போனேன். ஏறி இறங்கிவிட்டு டிபன் சாப்பிடலாம் என்று எண்ணம்.

பாதி மலையில் கை நடுங்க ஆரம்பித்தது. குளிர் காற்றில் சட்டை நனைந்துவிட்டது. எண்ணிக்கொண்டு வந்த படிக்கணக்கு மறந்து போனது. எனக்குக் கணக்கு மறந்தது அன்றைக்குத்தான். எதற்கென்று தெரியாமல் ஒரு கோபமும் வந்தது. அங்கே வந்திருந்த கல்லூரிப் பையன் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு, "தாத்தா, உக்காருங்க" என்று தன் பையிலிருந்த மாம்பழ ஜூஸைக் கொடுத்தான். கால் மணி நேரத்தில் உலகம் திரும்பி வந்தது.

டாக்டர் என்னைத் திட்டினார். சில சர்க்கரை மாத்திரைகள் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்குமாம். அதோடு மலை ஏறினால் தசைகளும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வெறும் வயிறு சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மலையேறும் நாளுக்கு மாத்திரையை எப்படி மாற்றுவது என்று எழுதிக் கொடுத்தார். எனக்குச் சொன்னது எனக்கு மட்டும். நீங்கள் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அன்றிலிருந்து என் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் வெளியே போவதில்லை.

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் மலைக்கு விடமாட்டார்கள்.

2024 தையில் ஒன்பது பேர் வேனில் கிளம்பினோம். திருவண்ணாமலை தாண்டி, விடியுமுன் தென்மாதிமங்கலம். பச்சையம்மன் கோயில், வீரபத்திரர் கோயில் கடந்து நடை. மலைபடுகடாத்தில் வருகிற நவிரமலை இதுதான் என்பார்கள். நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு வழியில் எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், தினைப்புனத்துக் காவலர்கள் வீசும் கல் எங்கே வரும் என்று சொல்லிக்கொண்டே போகிற பாட்டு. பள்ளியில் படித்தபோது இவ்வளவு பயம் காட்டி எதற்கு ஒரு பாட்டு என்று நினைத்திருக்கிறேன்.

படிகள் முடிந்து கரடுமுரடான பாறை வந்தது. பேசிக்கொண்டே ஏறினேன், மூச்சு வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. என் மச்சினன் அதுவரை என்னைக் கேலி செய்துகொண்டு வந்தான். "மாமா மாடிப்படியிலயே பருவதமலையக் கொண்டாந்துட்டார்" என்று வேன் முழுக்கச் சிரிப்பு. அவனுக்கு 61 வயது. எங்கேயோ ஓரிடத்தில் கேலி நின்றுபோனது. பிறகு தண்ணீர் பாட்டில் நீட்டிய மனைவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தான். திரும்பிப் பார்த்தேன். சட்டை முழுக்க வேர்வை.

"மாமா களைச்சிட்டாரு, பத்து நிமிஷம் உக்காந்தா சரியாயிடும்" என்றான் அண்ணன் மகன்.

"காலைல என்னடா சாப்ட்டே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சாப்பிடல மாமா. கோயிலுக்குத்தானே..."

"மாத்திரை?"

"போட்டுட்டேன்."

நெஞ்சு வலி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்து வாழைப்பழம், பிஸ்கட். முகம் தெளிந்தது. "ஏறிடலாம் மாமா" என்றான்.

நான் மேலே பார்த்தேன். இனி வரப்போவது கடப்பாறைப் படி. பாறையில் கடப்பாறைகளை நட்டு, சங்கிலி போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துத் தொங்கும்போது இன்னொரு முறை கை நடுங்கினால்? "வேண்டாம், எறங்கு" என்றேன்.

"நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க போங்க சித்தப்பா. அப்பாவுக்காக வந்திருக்கீங்க" என்றான் அண்ணன் மகன். ஒரு நிமிஷம் சரி என்று சொல்லவே வாய் வந்தது. ஆனால் மேல்பாதை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பெண்களும் பிள்ளைகளும் அவனை நம்பித்தான் ஏறுகிறார்கள். மச்சினனின் நடுக்கம் இன்னதென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். கணக்கு அப்படித்தான் வந்தது.

"அப்ப நான் போயிட்டு வரட்டுமாங்க?" என்றாள் மனைவி. தம்பியை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

இறங்கும்போது அவன் கை என் தோளில். இரண்டு பேர் பாரம். அந்த நாற்காலிப் பயிற்சி அன்றைக்குத்தான் எதற்கென்று தெரிந்தது. பாதி தூரம் நான் அவனோடு பேசவில்லை.

"மாமா, கோவமா?"

"ஆமா."

கொஞ்ச தூரம் போனதும் அவனே சொன்னான். மாத்திரையும் சாப்பாடும் என்று ஆரம்பித்தால் எல்லோரும் தன்னை நோயாளி ஆக்கிவிடுவார்கள் என்று பேசாமல் இருந்தானாம். நான் ஒரு பாறையில் உட்கார்ந்து தியாகதுருகத்துக் கதையைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்துக் குரங்கு ஓடியது. "அக்காவுக்குத் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன்.

பிற்பகல்தான் அவர்கள் இறங்கி வந்தார்கள். என் மனைவியின் உள்ளங்கை சங்கிலி பிடித்துச் சிவந்திருந்தது. "கீழயே பாக்கல, கம்பியை மட்டும்தான் பாத்தேன்" என்றாள். மேலே அண்ணன் பெயரைச் சொல்லிக் கற்பூரம் ஏற்றினாளாம். விபூதிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். வேன் திருக்கோவிலூரைத் தாண்டுவதற்குள் மச்சினன் வாயிலிருந்து தியாகதுருகம் வெளியே வந்துவிட்டது. வீடு வரும்வரை அவள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை.

நோட்டில் இப்போது இரண்டு பத்தி போட்டிருக்கிறேன். இன்று காலை நான் 25 தரம். மச்சினன் அவன் வீட்டில் 8 என்று போனில் சொன்னான், நம்பி எழுதியிருக்கிறேன். வரும் தையில் மறுபடி போவதாகப் பேச்சு. இட்லி சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் யாரையும் அடிவாரத்தில் இறக்கிவிடுவது என்று என் மனைவி வேன் டிரைவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.