கறுப்புக் காருக்கு எந்தத் துண்டு?

இரவில் பெட்ரோல் நிலைய விளக்குக்குக் கீழே ஒரு கறுப்புக் காரைப் பாருங்கள். பானெட் முழுக்கச் சிலந்திவலை மாதிரி மெல்லிய கீறல்கள் வட்டமிட்டிருக்கும். பெரும்பாலும் அவை சாலையில் விழுந்தவையல்ல. நாமே ஆசையாகத் துடைத்துப் போட்டவை. வண்ணத்துக்கு மேலே இருக்கும் பளபளப்புப் பூச்சு ஏறக்குறைய 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடி அளவு. கழுவிய பிறகும் தங்கியிருக்கும் மண்துகள் துணியில் சிக்கினால் அதுவே உப்புத்தாள்.

அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். தோளில் கிடக்கும் குட் மார்னிங் துண்டுதான் அவருக்கு எல்லாம்: முகமும் அதில், கண்ணாடியும் அதில். ஞாயிறு காலை நான் எழும்முன் என் காரைக் கழுவி முடித்திருப்பார். ஒன்பது வருடக் கடனில் வாங்கிய கார். இருந்தாலும், “அந்தத் துண்டு வேண்டாம்பா” என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லாமல் மைக்ரோஃபைபர் துண்டு வாங்கி வந்தேன். பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த இழை. பாக்கெட்டில் 80/20 அல்லது 70/30 என்றிருக்கும். இழைகள் நுண்ணியதாகப் பிளந்திருப்பதால் அந்த இடுக்குகளில் தண்ணீரும் தூசும் உள்ளே போய்விடும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். ஈரம் துடைக்க 500க்கு மேல் உள்ள பெரிய துண்டு; மெழுகு துடைத்தெடுக்க 300, 400 போதும். கண்ணாடிக்குக் குட்டை இழை. ஓரத் தையலை விரலால் தடவிப் பாருங்கள், முரடாக இருந்தால் வேண்டாம். லேபிளை வெட்டிவிடுங்கள். நான் வானொலி நிலையத்தில் ஒதுக்கிப்போட்ட பழைய குறுந்தட்டின் பளபளப்பான பக்கத்தில் தேய்த்துப் பார்ப்பேன். கீறினால் அந்தத் துணி டயருக்கு.

அப்பா தொட்டுப் பார்த்துவிட்டு, “இது கையைப் பிடிக்குதும்மா” என்றார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையில் இழைகள் சிக்கிக்கொள்கின்றன. அதையும் மீறி அழுத்தித் தேய்த்தார். தேய்க்கவே கூடாது, விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் போதும். இப்போது புடவை மடிப்பதுபோல் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் கூரையிலிருந்து கீழே வருகிறோம். நிழலில்தான். நம் ஊர் வெயிலில் தண்ணீர் நிமிடத்தில் காய்ந்து வெள்ளைப் புள்ளி வைத்துவிடும். துண்டு தரையில் விழுந்தால் அப்பா உதறிவிட்டுத் தொடரப் பார்ப்பார், நான் பிடுங்கிக்கொள்வேன். சக்கரங்கள் மட்டும் இன்னும் குட் மார்னிங் துண்டின் ஆட்சியில்.

துவைப்பதுதான் அடுத்த தகராறு. பருத்தித் துணியோடு போட்டால் பஞ்சு ஒட்டும், வெந்நீரும் அதிகச் சூடும் இழையைக் கெடுக்கும். சாஃப்டனர் ஊற்றினால் இழைமேல் படலம் படிந்து தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது. அம்மாவுக்கோ வாசம் வராத துணி துவைத்த துணியே இல்லை. அதனால் அந்த வாளி இப்போது என் பொறுப்பு.