கயிற்றோரக் குத்து

புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று முதுகலை முடித்த பிள்ளைகள் மயிலாடுதுறையில் என்னிடம் கேட்பதுண்டு. விதி சுருக்கமானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி முதுகலையில் 55 விழுக்காடு, நெட் அல்லது நுழைவுத் தேர்வு, குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க், மூன்று முதல் ஆறு ஆண்டு, வெளியிலிருந்து இரு மதிப்பீட்டாளர்கள், கடைசியில் வைவா. ஆய்விதழ்க் கட்டுரை என்ற கட்டாயம் போய்விட்டது. பல்கலைக்கழகம் தனியே கேட்டால் உண்டு.

டெல்டாப் பிள்ளைகள் பலரும் நெல் விளைச்சல் மதிப்பீட்டில்தான் ஆய்வு செய்யக் கேட்கிறார்கள். லேப்டாப்பில் தரவு தயாராக இருக்கும். அவர்களைத் தை மாதத்தில் சம்பா அறுப்புக்கு அனுப்பிவிடுவேன். அங்கே விளைச்சலை அளக்க நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் வயலைச் சமவாய்ப்பு எண்தான் தேர்ந்தெடுக்கும். அதன் தென்மேற்கு மூலையில் தொடங்கி, எண் சொல்லும் அடிகளை நடந்து, ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். ரோட்டோரமாக இருக்கிறதே என்று ஒரு வயலை எடுத்தால் அத்தனையும் வீண். பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டுக் கணக்கில் இந்தச் சராசரிக்கு முக்கிய இடம் உண்டு.

கயிற்றின் மேலேயே ஒரு நெற்குத்து நிற்கும். உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா? அறுக்கிறவர் கை பெரும்பாலும் உள்ளேதான் சேர்க்கும். 1940களில் புள்ளியியலாளர் மகலனோபிஸ், அறுத்துப் பார்க்கச் சிறு நிலத் துண்டுகள் போதும் என்றார். சிறு துண்டு விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்று இன்னொரு புள்ளியியலாளர் சுகாத்மே வாதாடினார். கணக்குப் போடுங்கள்: ஒரு மீட்டர் சதுரத்தில் சதுர மீட்டருக்கு 4 மீட்டர் எல்லை, ஐந்து மீட்டர் சதுரத்தில் 0.8 மீட்டர்தான். எல்லை கூடக் கூடப் பிழையும் கூடும். ஆய்வேட்டுக்கான கேள்வி அந்தக் குத்தில் கிடக்கிறது. எக்செல் தாளில் அது தெரியாது.

நிகழ்தகவுக் கோட்பாட்டுக்குப் போகிறவர்களுக்குச் சேறு வேண்டாம், மெஷர் தியரி வேண்டும். சென்னையில் பிறந்த நிகழ்தகவு அறிஞர் வரதன் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி. ஆர். ராவிடம் ஆய்வு செய்தார். வரதனின் ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மோகரோவும் ஒருவர். அந்தப் பாதை வேறு, உழைப்பும் வேறு.

தரவை வைத்து ஆய்வு செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விண்ணப்பிக்கும் முன், உங்கள் தரவை யார், எங்கே, எப்படி எடுத்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் தலைப்பை மாற்றுங்கள்.