சாவி தராத மாமா

அன்புள்ள பத்மாராவ் நகர் நண்பர்களுக்கு,

போன சனிக்கிழமை எங்கள் லண்டன் வீட்டில் ஒரு மானப் பிரச்சினை. மனைவியின் தம்பி செகந்திராபாத்திலிருந்து 15 நாள் லீவில் வந்திருக்கிறான். ரசம் கொதிக்கிறது, கறிவேப்பிலை இல்லை. "மாமா, சாவி குடுங்க, ஈலிங் ரோடு வரைக்கும் போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

பெண் கொடுத்த வீட்டுப் பையன் கார் சாவி கேட்டு மாப்பிள்ளை தர மறுத்தால், அது எத்தனை தீபாவளி வரை பேசப்படும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் இவன், நாங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் தன் இன்னோவா சாவியைத் துளசித் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு பைக்கில் ஆபீஸ் போகிறவன்.

அவனிடம் லைசென்ஸ் இருக்கிறது. நம் லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே 12 மாதம் ஓட்டலாம். குறுக்கே நிற்பது இன்ஷூரன்ஸ். நம் ஊரில் காருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் போதும். நீங்களோ, மச்சானோ, டிரைவரோ, லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் செல்லும். இங்கே பெரும்பாலும் பாலிசியில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் மட்டும்தான் ஓட்டலாம். என் பாலிசியில் நானும் மனைவியும். அவ்வளவுதான் குடும்பம்.

"யாருக்கு மாமா தெரியப்போகுது?" என்றான். நியாயமான ஹைதராபாத் கேள்வி. ரோட்டுக் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்து, இந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்றுதான் பார்க்கும், ஓட்டுகிறவன் முகத்தைப் பார்க்காது. ஆனால் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்திவிட்டால் தீர்ந்தது. 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 புள்ளி. வண்டியையும் இழுத்துக்கொண்டு போகலாம். இதில் விசேஷம், ஓட்டியவனோடு முடிவதில்லை. ஓட்டக் கொடுத்தவனுக்கும் அதே குற்றம், அதே புள்ளி. இங்கே டெஸ்ட் பாஸான இரண்டு வருஷத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே ரத்து. நான் பாஸாகி 11 மாதம்தான் ஆகிறது. ஒரு கொத்து கறிவேப்பிலைக்காக, 46 வயதில், காரில் மறுபடி 'எல்' போர்டு மாட்டி, முதல் பரீட்சையிலிருந்து எழுத வேண்டும்.

சரி, ஒரு நாள் பாலிசி எடுத்துவிடலாம் என்று போனில் தேடினேன். முதல் இரண்டு கம்பெனிகள் வெளிநாட்டு லைசென்ஸ் என்றதும் கதவைச் சாத்தின. மூன்றாவது கம்பெனி கேட்ட தொகை, ஹைதராபாத்தில் எங்கள் ஸ்விஃப்டுக்கு ஒரு வருஷத்துக்குக் கட்டியதில் பாதிக்கு மேல். நம் ஊரில் தர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 2022-ல் நிர்ணயித்தபடி 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், தாத்தாவுக்கும் அதே, பேரனுக்கும் அதே. இங்கே உங்கள் வயது, வேலை, வீட்டின் பின்கோடு, ராத்திரி வண்டி எங்கே தூங்குகிறது என்பது வரை கேட்டுவிட்டு விலை சொல்கிறார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

எனக்கு இந்தக் கோபம் புதிதல்ல. இங்கே முதல் கார் வாங்கியபோதே ஆரம்பித்தது. ஹைதராபாத்தில் 11 வருஷம் ஓட்டி ஒரு கிளெய்ம் கிடையாது. ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் இருந்தாலே 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதுதான் உச்சம். அதற்கான கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். போனில் பேசிய பெண் மிக இனிமையாக, "இது இந்தியாவில் ஓட்டியது இல்லையா, பூஜ்யம் என்று போட்டுக்கொள்கிறேன்" என்றாள்.

பூஜ்யமாம்! பஞ்சாகுட்டாவில் மாலை ஆறரை மணிக்கு, இடது பக்கம் ஆர்டிசி பஸ், வலது பக்கம் ஷேர் ஆட்டோ, எதிரே ராங் சைடில் வரும் பைக், பின்னால் ஒரு கல்யாண ஊர்வலம், இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கீறல் விழாமல் வண்டியை வெளியே கொண்டுவந்தவனுக்கு. ஆளில்லாத ரவுண்டானாவில் கண்ணாடி பார்த்துக் கண்ணாடி பார்த்துத் திரும்புகிறவர்கள் எனக்குப் போட்ட மார்க் அது. இந்தியாவின் இன்ஷூரன்ஸ் முழுவதற்கும் நாட்டாமையான ஐஆர்டிஏஐ தலைமை அலுவலகம் நம் நானக்ராம்குடாவில்தான் இருக்கிறது. நான் தினமும் அந்த வழியாக வேலைக்குப் போனவன். அந்த நாட்டாமையின் எல்லைக்குள் சம்பாதித்த நல்ல பெயர் ஹீத்ரோவில் இறங்கியதும் செல்லாக்காசாகிவிட்டது.

கட்டாய இன்ஷூரன்ஸ் என்பதையே இந்தப் பிரிட்டிஷ்காரர்கள் 1930-ல் சட்டமாக்கி, 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் நமக்கும் எழுதிக் கொடுத்தார்கள். சட்டம் அவர்களுடையது, இரக்கம் மட்டும் நம்முடையது. 2022 மார்ச்சில் தெலங்கானாவில் பாக்கி டிராஃபிக் அபராதச் சலான்களுக்குத் தள்ளுபடி போட்டார்களே, டூவீலருக்கு 75 சதவீதம், காருக்கு 50 என்று, ஆடித் தள்ளுபடி மாதிரி? அந்தக் கதையை என் ஆபீஸில் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

(நான் கிளெய்ம் செய்யாததற்கு உண்மைக் காரணம், இடித்தவனும் இடிபட்டவனும் ரோட்டிலேயே கத்தித் தீர்த்துக்கொண்டு 500 ரூபாயில் முடித்ததுதான் என்று என் மனைவி சொல்கிறாள். அதை அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?)

மச்சான் பஸ்ஸில் போய்த்தான் வந்தான். ரசம் ஆறி, மறுபடி சுட வைத்தாயிற்று. ஈழத்துக் கடைக்காரர் இரண்டு கொத்து சும்மாவே கொடுத்தாராம், அதைச் சத்தமாகச் சொன்னான், எனக்குக் கேட்கட்டும் என்று.

ராத்திரி அலமாரியைத் திறந்து பழைய ஃபைலை எடுத்தேன். ஸ்விஃப்டை விற்றபோது வாங்கிய நோ கிளெய்ம் போனஸ் கடிதம். மூன்று வருஷம் செல்லும், அதற்குள் ஊர் திரும்பிக் கார் வாங்கினால் அந்த 50 சதவீதத்தைத் தருவார்கள். இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறது. மனைவி எட்டிப் பார்த்து, "என்ன தேடறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்று மூடி வைத்தேன்.