பெட்டி முதலில், படம் பிறகு

வெப் பக்கமிருந்து ரியாக்ட் நேட்டிவுக்கு வருகிறவர்களை இடறிவிடும் இடம், படங்களை அடுக்குவது. எதுவும் சொல்லாவிட்டால் இங்கே படங்கள் மேலிருந்து கீழாகத்தான் அடுக்கப்படும். பக்கம்பக்கமாக நிறுத்த ஃப்ளெக்ஸ்டைரக்‌ஷனை 'ரோ' ஆக்க வேண்டும். ஆக்கினாலும், இடம் பற்றாவிட்டால் வெப்பில் போலச் சுருங்காது. இங்கே ஃப்ளெக்ஸ்ஷ்ரிங்க் இயல்பாகவே 0. படம் விறைப்பாக ஸ்க்ரீனைத் தாண்டிப் போய்விடும்.

*

நெட்டிலிருந்து வரும் படத்துக்கு அளவு கொடுக்காவிட்டால் எரர்கூட வராது. லிங்க் சரி, நெட் சரி, பெட்டியின் உயரம் மட்டும் 0. அகலம் 100%, ஆஸ்பெக்ட்ரேஷியோ 3/4 என்று எழுதிவிட்டால் உயரத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். இடத்தை முன்கூட்டியே பிடித்துவைப்பதால், படம் வந்து விழும்போது கீழே இருக்கும் எழுத்தும் குதிக்காது.

*

வரிசைக்கு மூன்று படம், இடம் போதாதது அடுத்த வரிசைக்கு இறங்கும்படி (ஃப்ளெக்ஸ்ராப் 'ராப்'). ஸ்க்ரீன் அகலம் 360. இருபுறமும் பேடிங் 8 போக 344. படங்களுக்கு நடுவே 4. பெரும்பாலும் கை தன்னால் 33.33% என்று அடித்துவிடும். மூன்று படமே 344-ஐயும் விழுங்கிவிட்டால் நடு இடைவெளிக்கான 8 எங்கிருந்து வரும்? மூன்றாவது படம் அடுத்த வரிசைக்கு இறங்கி, வலப்பக்கம் ஓட்டைப்பல்லாக நிற்கும். சரியான கணக்கு: (344 − 8) ÷ 3 = 112. போனைத் திருப்பினால் 360 மாறும் என்பதால் அகலத்தை யூஸ்விண்டோடைமென்ஷன்ஸில் வாங்குவது நல்லது. (ரியாக்ட் நேட்டிவ் 0.71-இல் 'கேப்' வந்தது பெரிய நிம்மதி. அதற்கு முன் மார்ஜினை வைத்துக் குட்டிக்கரணம் போட்டோம்.)

ஃப்ளெக்ஸ்க்ரோ 1 குறுக்குவழிபோலத் தெரியும். கடைசி வரிசையில் ஒற்றைப் படம் மிஞ்சினால் அது முழு அகலத்துக்கும் படுத்துவிடும்.

*

ஜவுளிக்கடை ஆப்பில் ரீசைஸ்மோட் 'கவர்' வேண்டாம் என்பது என் கட்சி. பெட்டி நிறையும், பார்க்க லட்சணமாகவும் இருக்கும். ஆனால் மிஞ்சுவதை இரு ஓரத்திலும் சமமாக வெட்டும். சேலையில் ஓரத்தில்தானே கரை இருக்கிறது! 'கன்டெய்ன்' போட்டு, பின்னால் வெளிர்நிறம் கொடுத்தால் போதும். முகப் படத்துக்கு மட்டும் கவர்.

*

4000 × 3000 போட்டோவை 112 பெட்டியில் காட்டினாலும், முழுசாக விரித்தால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி மெமரி தின்னும். 3எக்ஸ் போனுக்கே 336 பிக்சல் போதும். சர்வர்காரரிடம் தம்ப்நெயில் கேட்டு வாங்க வேண்டும். கொஞ்சம் சண்டை போட்டாவது.

*

டிசைனர் தரும் ஃபைலில் எல்லாப் படமும் ஒரே அளவில், ஒரே வெளிச்சத்தில் சிரிக்கும். அதை வைத்து டெஸ்ட் செய்து பயனில்லை. நெட்டையான ஸ்க்ரீன்ஷாட் ஒன்று, பனோரமா ஒன்று, பொடிப் படம் ஒன்று, உடைந்த லிங்க் ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும்.