இன்று ஆடாதே என்று சொல்பவர்கள்

ஓவருக்கு வரம்பு கட்டிக் கிரிக்கெட் ஆடியதில் இங்கிலாந்துக்கே நாங்கள் முன்னோடி என்று திருப்பூணித்துறைக்காரர்கள் சொல்வார்கள். கே.வி. கேளப்பன் தம்புரானின் யோசனைப்படி 1951-இல் இங்கே பூஜா கிரிக்கெட் போட்டி தொடங்கியது. இங்கிலாந்தில் ஜில்லெட் கோப்பை வந்தது 1963-இல். அந்தப் பெருமையைச் சுமக்கும் அரண்மனை ஓவல் மைதானத்துக்கு ஒரு காலை நேரத்தில் போனேன். வலைக்குள் பந்து வீசிக்கொண்டிருந்த பையன்களைப் பார்ப்பதைவிட, வலைக்கு வெளியே ஐஸ் பெட்டி, டேப் சுருள்கள், க்ரேப் பேண்டேஜ் சகிதம் நின்றவரைப் பார்ப்பதே என் நோக்கம்.

அவர் அந்தப் பையன்களின் டிரெய்னர், முப்பது வயதிருக்கும். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஊர். வீட்டில் தமிழ், வேலையில் மலையாளம். பையன்கள் "சேட்டா" என்கிறார்கள், பெற்றோர் சிலர் "பிசியோ" என்கிறார்கள், கோச் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்புகிறார்.

பையன்கள் உள்ளே வரும்போதே அவர் கண் அவர்களின் கால்களில் இருந்தது. "வாசல்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள பாதி தெரிஞ்சிடும் சார். பையைத் தோள் மாத்திப் போட்டிருப்பான். ஷூ லேஸ் கட்டக் குனியாம, காலைத் தூக்கிப் படியில வெச்சுக் கட்டுவான். கேட்டா ஒண்ணுமில்லைம்பான்" என்றார். அப்படிப் படியில் கால் வைத்து லேஸ் கட்டிய பதினாறு வயது வேகப்பந்து வீச்சாளன் ஒருவனைத் தனியே அழைத்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, உடம்பைப் பின்னால் வளைக்கச் சொன்னார். ஒரு பக்கம் வளைந்தான். மறுபக்கம் வளையும்போது முகம் சுருங்கியது.

வளரும் வயதில் வேகமாகப் பந்து வீசுகிறவர்களுக்கு இடுப்பு முதுகெலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுவதுண்டு. ஒவ்வொரு பந்துக்கும் முதுகு வளைந்து, முறுகி, ஒரு பக்கமாகச் சாய்கிறது. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேகத்தைவிட அடி விழும் வேகம் கூடினால் விரிசல் விழுகிறது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் நிறுத்தினால் சில மாத ஓய்வோடு ஆறிவிடும், நிறுத்தாவிட்டால் பந்துவீச்சே போகலாம். இவ்வளவையும் அந்தப் பையனிடம் சொல்லாமல், "இன்னைக்குப் பந்து வேண்டா, மோனே" என்று மட்டும் சொன்னார். பிறகு கோச்சிடம் போனார்.

தள்ளி நின்ற எனக்குப் பேச்சு காதில் விழவில்லை. ஆனால் கோச் தலையைத் திருப்பிக்கொண்ட விதமும், சற்று நேரத்தில் பையனின் அப்பா வந்து நின்ற விதமும் போதுமாயிருந்தன. வாரக் கடைசியில் அணித் தேர்வாம். பையன் அழாத குறை. டிரெய்னர் குரலை உயர்த்தவில்லை, டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார், தன் முடிவையும் மாற்றிக்கொள்ளவில்லை. இந்தத் தொழிலின் உயிர் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. டேப் ஒட்டவும் ஐஸ் வைக்கவும் யாரும் கற்றுக்கொள்ளலாம். கோச், அப்பா, தேர்வாளர், ஆட ஆசைப்படும் பையன் எல்லாரும் ஒரு பக்கம் நிற்கும்போது, அந்தப் பையனின் முதுகெலும்புக்காக மறுபக்கம் தனியாக நிற்பதைப் பாடத்திட்டம் சொல்லித் தராது.

எப்போது இது உங்கள் வேலை என்று தோன்றியது என்று கேட்டேன். படித்து முடித்த கையோடு தோன்றவில்லை என்றார். சேர்ந்த புதிதில் தண்ணீர் கேன் தூக்கினார், த்ரோடவுன் போட்டார், வருகைப் பதிவு எடுத்தார், வேன் டிரைவருக்கு வழி சொன்னார். "கோச்சுகிட்டப் போறதுக்கு முன்னாடி பசங்க எங்கிட்ட வந்து 'சேட்டா, வலிக்குது'ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க பாருங்க, அன்னைக்குத்தான் எனக்கு இந்த வேலை கிடைச்சுது." நியமன ஆணைக்கும் அந்த நாளுக்கும் இடையே பல மாதங்கள் ஓடியிருந்தன.

மைதானத்திலிருந்து பூர்ணத்ரயீசர் கோயில் பக்கம் நடந்தேன். எட்டு நாள் விருச்சிக உற்சவத்தில் இங்கே இரவில் கதகளி நடக்கும். கதகளிக் கலைஞர் கலாமண்டலம் கிருஷ்ணன் நாயர் வாழ்ந்த ஊர் இது. ஆர்.எல்.வி. கல்லூரியில் இன்றும் கதகளி பட்டப்படிப்பாக இருக்கிறது. பெண்களே எல்லா வேஷமும் கட்டும் குழு ஒன்று 1975 முதல் இந்த ஊரிலிருந்து ஆடிவருகிறது. 2017-இல் அதற்கு மத்திய அரசின் நாரி சக்தி விருதும் கிடைத்தது. உடம்பைப் பழக்குவதை இவ்வளவு காலமாகத் தொழிலாகச் செய்துவரும் ஊரில், அந்தப் பழைய வழியைத் தெரிந்தவர் ஒருவரைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை.

ஓய்வுபெற்ற கதகளி ஆசான் அவர். திண்ணையில் உட்கார்ந்தபடி, மலையாளத்தில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். அவர் காலத்தில் ஆசான் ஒருவரே எல்லாமுமாக இருந்தார். அடவு சொல்லித் தருபவரும் எண்ணெய் தேய்ப்பவரும் சுளுக்கு எடுப்பவரும், காய்ச்சலோடு வந்தவனைத் திருப்பிப் படுக்க அனுப்புபவரும் அவரே. கர்க்கடக மாதத்து மழையில், விடியுமுன் உழிச்சில் என்னும் எண்ணெய்த் தேய்ப்பு தொடங்கும். பையன் உடம்பெல்லாம் எண்ணெயோடு, முழங்கால்களை மடக்கி விரித்துக் குப்புறப் படுப்பான். மேலே கட்டிய பிடியைப் பற்றிக்கொண்டு ஆசான் தன் பாதத்தால் இடுப்பிலிருந்து தொடை வழியாக, முதுகிலிருந்து தோள் வழியாக அழுத்தித் தேய்ப்பார். கதகளிக்காரன் பாதத்தின் வெளி விளிம்பில் நின்று, முழங்காலை வெளிப்பக்கம் தள்ளி, இடுப்பைத் தாழ்த்தி மணிக்கணக்கில் ஆடவேண்டியவன். அதற்கு இடுப்பு மூட்டு திறந்துகொடுக்க வேண்டும். அந்தத் திறப்புக்கான வேலை இது.

"எவ்வளவு அழுத்துவது என்று எப்படித் தெரியும், ஆசானே?" என்றேன். அவர் பல வருடம் அடியில் படுத்திருந்தவர். பிறகு எண்ணெய் காய்ச்சினார், பிறகு சின்னப் பையன்களின் கைகளை மட்டும் தேய்த்தார். தன் ஆசான் பக்கத்தில் நின்று பார்த்திருக்க, முதல்முறையாக ஒருவன் முதுகில் கால் வைத்தபோது வயது இருபதைத் தாண்டியிருந்ததாம். எந்தத் தசை விட்டுக்கொடுக்கிறது, எது இறுகிக்கொள்கிறது என்பதைப் பாதம் சொல்லும் என்றார். தான் அனுபவித்த வலியே அவருக்கு அளவுகோல்.

கேட்கக் கேட்க எனக்கு மரியாதை கூடியது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. கீழே படுத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் "போதும்" என்று சொல்ல முடியுமா? கேட்டுவிட்டேன். ஆசான் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "பறயில்லா" என்றார். சொல்லமாட்டான். முழங்காலும் இடுப்பும் தேய்ந்து, மேடையை விட்டபின் படியேறச் சிரமப்படும் கலைஞர்களைக் கதகளி உலகில் எல்லாருக்கும் தெரியும். ஊரையே எதிர்த்து "இவன் இன்று ஆடமாட்டான்" என்று சொல்லும் அதிகாரம் அந்த ஆசானுக்கு இருந்தது. ஆசானை எதிர்த்துச் சொல்லும் அதிகாரம் சீடனுக்கு இல்லை. பழைய முறையைப் புகழ்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்லாமல் விடுகிறார்கள், அது சரியில்லை.

களரியிலும் இதே கதைதான். நாற்பத்திரண்டு அடி நீளம், இருபத்தொரு அடி அகலம், தரைக்குக் கீழே தோண்டிய களம். அதில் மெய்ப்பயிற்சி தரும் குருக்களே மாலையில் எலும்பு கட்டுவார். நம் கன்னியாகுமரி மாவட்டத்து வர்ம ஆசான்களும் அப்படித்தான், அடிமுறையும் அவர்களிடம், அடிபட்டதற்கு வைத்தியமும் அவர்களிடம். அந்த ஒருவர் இன்று ஐந்தாறு பேராகப் பிரிந்துவிட்டார்: கோச், உடற்தகுதிப் பயிற்சியாளர், பிசியோ, மசாஜ் செய்பவர், எலும்பு டாக்டர், உணவு ஆலோசகர். இந்தியக் கிரிக்கெட் அணியில் 1980களின் இறுதியிலிருந்து ஏறக்குறைய பத்தாண்டுகள் டாக்டர் அலி இரானி பிசியோவாக ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டார். 2011-இல் உலகக் கோப்பையை வென்றபோது உடற்தகுதிக்கென்றே சென்னையின் ராம்ஜி சீனிவாசன் இருந்தார். அறிவு பெருகும்போது வேலை பிரிவது நல்லதுதான். ஆனால் பிரிந்தபோது அதிகாரமும் பிரிந்து, கடைசியில் அது யார் கையில் என்பதே பல மைதானங்களில் தெரியாமல் போய்விட்டது.

எர்ணாகுளத்தில் பெண்கள் கால்பந்து அணியோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இதையே வேறு கோணத்தில் சொன்னார். மெட்ரோ 2024 மார்ச்சில் திருப்பூணித்துறை வரை வந்துவிட்டதால், கலூர் மைதானத்துப் பக்கம் வேலை முடித்து அவர் ஊர் திரும்பும் வண்டியிலேயே பேசினோம். முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் வீராங்கனைகளுக்குப் பல மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் பழக்கினால் அதில் கணிசமாகத் தடுக்கலாம். அந்தப் பதினைந்து நிமிடப் பயிற்சிக்கு நேரம் கேட்டால், பந்தோடு ஆடும் நேரம் குறைகிறது என்கிறார்களாம். அதைவிடச் சிக்கலானது அவர் காதுக்கு வருகிற விஷயங்கள். மாதவிடாய் நின்றுபோனது, சாப்பிடாமல் இருப்பது, வீட்டில் கல்யாணப் பேச்சு. "சேச்சி, கோச்சிடம் சொல்லாதீங்க" என்று தொடங்கும். மாதவிடாய் நிற்பது உடம்புக்குப் போதிய உணவு போகவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம், அப்படியானால் எலும்பு பலவீனப்படும். சொல்லாமல் இருந்தால் பெண்ணுக்கு ஆபத்து, சொன்னால் இனி யாரும் அவரிடம் வாய் திறக்கமாட்டார்கள். அவர் கண்டுபிடித்த வழி இது: "ஓய்வு தேவை" என்ற முடிவை மட்டும் கோச்சுக்குச் சொல்வார், காரணத்தைச் சொல்லமாட்டார். சில கோச்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கோச் ஏற்கவில்லை, இவர் அந்த அணியை விட்டு வெளியேறினார்.

அமெரிக்காவில் டிரெய்னர் வேலையைத் தனித் தொழிலாகவே வளர்த்தெடுத்தார்கள். 1950-இல் கான்சஸ் சிட்டியில் தேசியச் சங்கம் அமைந்தது, 1990-இல் அந்நாட்டு மருத்துவச் சங்கம் அதை மருத்துவத் துணைத் தொழிலாக ஏற்றது. பல்கலைக்கழக விளையாட்டின் பெரிய பிரிவுகளில், காயம்பட்டவர் எப்போது களம் திரும்பலாம் என்பதில் மருத்துவர், டிரெய்னர் முடிவே இறுதி, கோச் தலையிட முடியாது என்று 2016-இல் விதி வகுத்தார்கள். சர்வதேசக் கிரிக்கெட்டிலும் 2019 ஆகஸ்ட் முதல், தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம். அதே மாதம் லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக லபுஷேன் இறங்கினார். 1998-இல் டாக்காவில் இந்திய ஆட்டக்காரர் ராமன் லாம்பா தலையில் பந்து பட்டு இறந்ததை நினைத்தால், இந்த விதி வருவதற்கு எத்தனை காலம் பிடித்தது என்று வருத்தமாக இருக்கிறது.

நம் நாட்டில் 2021-இல் வந்த சட்டம் பிசியோதெரபிஸ்டுகளை முறையான மருத்துவத் துணைப் பணியாளர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உடற்தகுதிப் பயிற்சியாளருக்கு அப்படிக் கட்டாயப் பதிவு ஏதும் இல்லை, சில வாரச் சான்றிதழோடும் ஒருவர் குழந்தைகளை எடை தூக்க வைக்கலாம். ஓவல் மைதானத்து இளைஞர் முறையாகப் படித்தவர். ஆனால் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார், அதைப் புதுப்பிக்கும் கையெழுத்து எந்தக் கோச்சை எதிர்த்து அவர் பேசினாரோ அவருடைய சிபாரிசில் வருகிறது. முதுகெலும்பைக் காப்பாற்றுகிறவரின் பிழைப்பு, அதைப் பணயம் வைக்கத் துணிகிறவர் கையில் இருக்கக் கூடாது.

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கட்டணமும் கோச் ஆடிய ஆட்டங்களும் விசாரிக்கும்போது இதையும் கேளுங்கள்: என் பிள்ளைக்கு வலி என்றால் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் என்ன படித்திருக்கிறார், அவர் நிறுத்தச் சொன்னால் கோச் நிறுத்துவாரா? பதில் தெளிவாக இல்லாவிட்டால் அந்த இடத்தில் சேர்க்காதீர்கள். அப்படி ஒருவர் இருந்து, தேர்வுக்கு முந்தின நாள் உங்கள் பிள்ளையை ஆடாதே என்றால், தயவுசெய்து அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.